கோவளம் – மாமல்லபுரம் மணல்கரை: இந்த வாரம் கடல் படுத்துக் கிடக்கிறது, காலையில் சர்ஃபுக்கு என்ன தேறும்?

ஈசிஆர்_அலைக்கணக்கு
புதன், இரவு 9:10

மார்ச் இரண்டாவது வாரம். வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் இல்லை, சுழற்சி இல்லை. வாடை ஓய்ந்தாயிற்று, தெற்கத்திக் காற்று இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சென்னைக்கு வருஷத்திலேயே மழை குறைந்த மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும்தான் என்பதால் வானிலைப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்: விடியலில் லேசான மூட்டம், எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில், மழை கிடையாது, தண்ணீர் 28 டிகிரி. ஜிங்க் க்ரீமை மறக்காதீர்கள்.

அலைக்கு வருவோம். வியாழனும் வெள்ளியும் தென்கிழக்கிலிருந்து அரை மீட்டரை ஒட்டிய ஸ்வெல் (தொலைவில் காற்று கிளப்பி, ஓடி வந்து சேரும் அலை), பீரியட், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட நேரம், 9, 10 விநாடி. முழங்கால் உயரம், எப்போதாவது தொடை. நீளமான போர்டு இல்லாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். சனிக்கிழமை பிற்பகலில் புதிதாக ஒன்று வந்து சேர்கிறது. போன சனிக்கிழமை தெற்கு இந்தியப் பெருங்கடலில், தென் அட்சரேகை 50ஐ ஒட்டி ஒரு புயல் கிழக்கே ஓடியது. அதன் மிச்சம்தான் இது. 15 விநாடி ஸ்வெல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் போகும், அங்கிருந்து இங்கே 7,000 கிலோமீட்டர். கணக்கு உதைக்கவில்லை. உயரம் 0.6 மீட்டர்தான், ஆனால் திசை 160 டிகிரி, அதாவது தென்தென்கிழக்கு. ஞாயிறு விடியலில் பீரியட் 14க்கு இறங்கி உயரம் 0.7ஐத் தொடும். மணல்திட்டு ஒழுங்காக இருக்கும் இடத்தில் இடுப்பு உயரம், செட்டில் (சேர்ந்தாற்போல வரும் பெரிய அலைக் கூட்டத்தில்) அதற்கும் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கிறேன். திங்கள் மதியத்தோடு தேய்ந்துவிடும்.

இந்த மாதிரி வாரங்களில் எல்லாமே கடிகாரத்தில்தான் இருக்கிறது. இரவெல்லாம் நிலம் ஆறி, விடியலில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கரைக்காற்று மெல்ல வீசும், மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். எட்டரை வாக்கில் அது செத்துவிடும். அடுத்த ஒரு மணி நேரம் காற்றே இருக்காது, தண்ணீரில் ஒரு சுருக்கம்கூடத் தெரியாது. பத்து, பத்தரைக்குக் கடற்காற்று நுழையும். மதியம் தென்கிழக்கிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வேகம், சாயங்காலம் வரை விடாது. சூரியன் 6:15க்கு. ஆக, ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

ஓதம்: ஞாயிறு அஷ்டமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். அஷ்டமி, நவமிக்கு அது 40 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதனால் இந்த வாரம் ஓத அட்டவணையைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நாள்காட்டியைக் கிழிக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். "ஃப்ளாட்டா ப்ரோ" என்று மட்டும் கேட்காதீர்கள்.


வேளச்சேரி_வேவ்
புதன், இரவு 9:26

ஃப்ளாட்டா ப்ரோ?

சரி, நிஜமாகவே ஒரு சந்தேகம். என் போனில் இருக்கும் ஆப்பில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு 0.7 மீட்டர், மதியம் மூன்று மணிக்கு 1.1 மீட்டர் என்று காட்டுகிறது. நீங்கள் விடியலில் வா என்கிறீர்கள். பெரிய அலை மதியம்தானே இருக்கிறது? நன்றாகத் தூங்கி எழுந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆகாதா?


ஈசிஆர்_அலைக்கணக்கு
புதன், இரவு 9:58

தாராளமாக வரலாம் தம்பி, போர்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த 1.1 ஒரே அலையின் உயரம் இல்லை. அந்த நேரத்தில் கடலில் இருக்கும் அத்தனையையும் சேர்த்துக் கட்டிய கணக்கு அது. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் 0.7. கடற்காற்று பக்கத்திலேயே கிளப்பிவிடும் சில்லறை அலை 0.8. இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுப்பார்கள். 0.49ம் 0.64ம் சேர்ந்து 1.13, அதன் மூலம் 1.06. ஆப் அதை 1.1 என்று காட்டுகிறது. காலையில் காட்டும் 0.7 முழுக்க ஸ்வெல். மதியத்து 1.1இல் பாதிக்கு மேல் குப்பை. ஐந்து விநாடிக்கு ஒன்றாக, திசை தெரியாமல், மேலே வெள்ளையாக உடைந்துகொண்டே வரும். காற்றும் முதுகில் அடிக்கும்.

உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பீரியட்டையும் சேர்த்துப் படியுங்கள். அலையின் சக்தி என்பது உயரத்தின் வர்க்கத்தைப் பீரியட்டால் பெருக்கினால் வருவது. ஒரே 0.7 மீட்டர்தான் என்றாலும் 14 விநாடி அலையிடம் 5 விநாடி அலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி இருக்கும். இன்னொன்று, நீளமான ஸ்வெல் வெகு தூரத்திலேயே தரையை உணர்ந்துவிடும். 15 விநாடி அலைக்கு ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 350 மீட்டர். அதில் பாதி, அதாவது 175 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரை அதை இழுத்துப் பிடிக்கத் தொடங்கும். கரை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் ஏறும். 6 விநாடி அலைக்கோ 28 மீட்டர் ஆழம் வரும்வரை தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் 0.6 என்று எழுதியிருக்கும் ஸ்வெல் மணல்திட்டில் ஒரு மீட்டருக்கு எழும்பி உடைகிறது. 0.6ஐப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்கள் மதியம் அடுத்தவர் போட்ட வீடியோவைப் பார்த்து வயிறெரிகிறார்கள்.


திருவான்மியூர்_லாங்போர்டு
புதன், இரவு 10:31

கணக்கெல்லாம் சரி. ஆனால் நேர்க்கரையில் 15 விநாடி ஸ்வெல் என்ன செய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நேரத்தில் படாரென்று விழும். எழுந்து நிற்பதற்குள் கதை முடிந்துவிடும். நான் பாயிண்ட், அதாவது பாறை முனைப் பக்கம்தான் போகப்போகிறேன். நீளமான ஸ்வெல் பாறையைச் சுற்றி வளைந்து வந்தால்தான் அழகு. மணல்கரைக்கு 9, 10 விநாடியே போதும், அதிலும் இரண்டு திசையிலிருந்து வந்து குறுக்கே வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. அங்கங்கே முக்கோணமாக எழும், இரண்டு பக்கமும் போகலாம்.

என்னைக் கேட்டால் வெள்ளிக்கிழமை காலைதான் மணல்கரைக்கு ஏற்றது. ஞாயிறு இல்லை.


வேளச்சேரி_வேவ்
புதன், இரவு 10:34

ஞாயிறு காலை பாயிண்டில் எவ்வளவு கூட்டம் இருக்கும் அண்ணா?


திருவான்மியூர்_லாங்போர்டு
புதன், இரவு 10:35

அதை மட்டும் கேட்காதே.


வலைக்காரர்மகன்_கோவளம்
வியாழன், காலை 11:20

லாங்போர்டு அண்ணன் சொல்வதில் பாதி சரி. கரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அலை அப்படித்தான் ஒரேயடியாக விழுந்து மூடும். ஆனால் இப்போது அப்படி இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அலை கரையை அரித்து, மணலைக் கடலுக்குள் இழுத்துப் போய்த் திட்டாகப் போட்டுவிடும். தை, மாசியில் கடல் அடங்கியதும் அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பும். இப்போது திட்டு மிகவும் கிட்டே வந்துவிட்டது. சில இடத்தில் கரையோடே ஒட்டிவிட்டது. அங்கே அலை காலடியில் வந்துதான் உடையும், போர்டு மூக்கு மணலில் குத்தும். அந்த இடங்களில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் "மணல்கரை வேஸ்ட்" என்று எழுதுகிறார்கள். இன்னும் ஒட்டாத திட்டுகள் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே வாய்க்காலும் இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். விடிவதற்கு முன்னால் வந்து எங்கள் ஃபைபர் போட்டுகள் எந்த வழியாக இறங்குகின்றன என்று பாருங்கள். யாரும் அலை உடையும் இடத்தில் நேராகக் கொண்டுபோய் விட மாட்டார்கள். முன்பக்கம் இரண்டு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓட்டுகிறவர் இன்ஜினைத் தூக்கி வைத்தபடி கடலையே பார்ப்பார். பெரிய அலை இரண்டு மூன்று தாண்டட்டும் என்று விடுவார். அப்புறம் ஒரு குரல் கொடுத்ததும் தள்ளி, ஏறி, நுரை இல்லாமல் தண்ணீர் கறுத்துத் தெரியும் இடைவெளியில் ஒரே அடியாக வெளியே போய்விடுவார்கள். அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் திட்டு இருக்கிறது. அலை முதலில் திட்டின் மேல் உடைந்து, வாய்க்காலை நோக்கி வரிசையாக விழுந்துகொண்டே போகும். 15 விநாடி வந்தாலும் அங்கே மொத்தமாக மூடாது.

நீரோட்டம் இப்போது தெண்டி. தெற்கிலிருந்து வடக்கே நன்றாக இழுக்கிறது. அப்பா நேற்று வலை போட்ட இடத்துக்கும் எடுத்த இடத்துக்கும் நிறைய தூரம் என்றார். கரையோரத்தில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் நீங்கள் உட்கார நினைக்கும் இடத்துக்குத் தெற்கே கொஞ்சம் நடந்து போய் இறங்குங்கள். துடுப்படித்து இடத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் கை விட்டுப்போகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். போட்டு வந்து போகும் பாதையிலேயே உட்கார்ந்துகொள்ளாதீர்கள். கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றுக்கும் நடுவே வராதீர்கள். கடல் அடங்கிக் கிடக்கும் இந்த மாதங்கள் கரைவலைக்கும் நல்ல காலம். போன வாரம் ஒருவர் லீஷோடு (போர்டைக் காலோடு கட்டும் வார்) கயிற்றில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஆட்களையே திட்டினார். அது நன்றாக இல்லை.


புதுவை_பலகை
வியாழன், மதியம் 1:05

மணல் பேச்சு வந்ததால் நானும். இங்கே புதுச்சேரி செரினிட்டி கடற்கரைப் பக்கமும் இந்த வாரம் அதே நிலைதான், காலை ஏழு மணிக்கு முழங்கால்.

கோவளத்துக்காரர்களுக்குப் பருவத்துக்குப் பருவம் மணல் போய்த் திரும்புகிறது. எங்களுக்கு அந்த வசதியும் பறிபோயிருந்தது. இந்தக் கரை நெடுக மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதாங்கிச் சுவர் கட்டியதும் மணல் தெற்குப் பக்கமே நின்றுவிட்டது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போய்ப் பாறைதான் மிஞ்சியது. பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டு போட்டது. 2018க்குப் பிறகு காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பி வந்து நிற்கிறது. வடக்கே இருக்கும் நாங்கள் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கிடைக்கும் மணலில்தான் பிழைப்பு நடத்துகிறோம். ஆனால் அந்தக் கல் வளைவுகளே சில நாள் அலையை அழகாகத் திருப்பிவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கிறது, உண்மை.


பொத்துவில்_பொயின்ற்
வியாழன், மாலை 6:40

வணக்கம் அண்ணை. இலங்கை அறுகம்பே பக்கத்திலிருந்து எழுதுறன். இங்கயும் இப்ப சீசன் இல்லை. சித்திரை முடிஞ்சு கச்சான் எண்ட மேற்குப் பக்கத்துக் காத்து பிடிச்சால்தான் பொயின்றுக்குக் கரைக்காத்து, பிறகு புரட்டாதி மட்டும் நல்லா ஓடும். இப்ப அலை வேணுமெண்டால் எல்லாரும் தெற்கே வெலிகமப் பக்கம் போறாங்கள்.

நான் கேட்க வந்தது வேற. 160 டிகிரி, 160 டிகிரி எண்டு திசையை ஏன் இவ்வளவு பெரிசாய் எழுதிறியள்? எங்களுக்குத் தெற்கு, தென்தென்மேற்கு எதுவெண்டாலும் வளைஞ்சு வந்து சேர்ந்துவிடும். பீரியட் சரியெண்டால் நாங்கள் திசையை அவ்வளவாய்ப் பார்க்கிறதில்லை.


ஈசிஆர்_அலைக்கணக்கு
வியாழன், இரவு 8:15

எல்லாம் உங்கள் தீவு செய்யும் வேலை அண்ணை.

நீங்கள் பெருங்கடலைப் பார்த்த வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்கள் உங்களுக்கு வடக்கே, ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில். நேர் தெற்கிலிருந்து 180 டிகிரியில் வரும் ஸ்வெல்லை முதலில் இலங்கைதான் வாங்கிக்கொள்கிறது. வரைபடத்தில் கோவளத்திலிருந்து உங்கள் கிழக்குக் கரையின் கடைசி முனைக்கு, பொத்துவிலுக்குச் சற்று வடக்கே, ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். சுமார் 165 டிகிரி வருகிறது. அதற்குக் கிழக்கே இருந்து வருவது எங்களுக்கு நேராக வந்து சேரும். அதற்கு மேற்கே இருப்பது தீவின் ஓரத்தில் வளைந்து, இளைத்துத்தான் வரும். ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே எழும் பெரிய புயல்களின் அலை அறுகம்பேயில் தலைக்கு மேலே உடையும் நாளில் இங்கே பாதிகூட இருப்பதில்லை. அந்தப் புயல் இன்னும் கிழக்கே நகர்ந்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கமாகப் போனால் எங்களுக்கு யோகம். இப்போது வருவது அந்த வகை. 160 என்பது மயிரிழையில் தப்பித்து வருகிறது.

இதை வைத்துப் பார்த்தால் 170, 175 டிகிரியில் 0.9 மீட்டர் என்று போடும் ஒரு முன்னறிவிப்பைவிட, 155 டிகிரியில் 0.6 என்று போடுவதைத்தான் நான் நம்பி வண்டி எடுப்பேன். எல்லா மாடலும் தீவின் நிழலை ஒரே மாதிரி போடுவதில்லை.


பொத்துவில்_பொயின்ற்
வியாழன், இரவு 8:22

விளங்குது. தீவைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலாது, குறை நினைக்காதையுங்கோ.


தாம்பரம்_அம்மா
வெள்ளி, காலை 8:50

தலைப்பில் கடல் படுத்துக் கிடக்கிறது என்று பார்த்ததால் கேட்கிறேன். எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவார்கள். ஒரு சர்ஃப் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்து வரலாமா? அலை அதிகம் இல்லாத நாள்தானே?


வேளச்சேரி_வேவ்
வெள்ளி, காலை 9:02

முழங்கால் அலைதான் அக்கா, தாராளமாக வாங்க.


கரைக்காவல்
வெள்ளி, காலை 9:40

இல்லை தம்பி, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது.

அம்மா, உங்களுக்கு நேரான பதில்: ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வாருங்கள். புது ஸ்வெல் வருவதற்கு முந்தைய நேரம் அது. ஒரே சீராகச் சின்ன அலை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பயிற்சியாளர் மேற்புறம் மெத்தென்ற சாஃப்ட்டாப் போர்டில் தள்ளிவிடலாம். பிள்ளைகள் கற்றுக்கொள்ள பிப்ரவரி, மார்ச்சைவிட நல்ல மாதம் இந்தக் கரையில் இல்லை. ஜூன், ஜூலைக்கு மேல்தான் போட்டி போடுகிறவர்களுக்கான கடல்.

ஞாயிறு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நீளமான ஸ்வெல்லின் குணம் அப்படி. டவுன் பஸ் மாதிரி, பத்து நிமிஷம் ஒன்றுமே வராது, அப்புறம் மூன்று சேர்ந்து வரும். அந்தப் பத்து நிமிஷத்தில் கரையில் நிற்பவர்கள் கடல் அடங்கிவிட்டது என்று கணுக்காலிலிருந்து இடுப்புக்குப் போய்விடுகிறார்கள். முன்னறிவிப்பில் போடும் உயரம், வரும் அலைகளிலேயே பெரியதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி, உச்சம் இல்லை. செட்டில் ஒன்றிரண்டு அதைவிடக் கணிசமாகப் பெரியதாக வரும். காற்றும் இல்லை, மேகமும் இல்லை, அதனால் எச்சரிக்கை உணர்வே வராது.

இதே தென்கோடிப் பெருங்கடல் ஸ்வெல் பெரிதாக வந்தால் அதற்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். இன்காய்ஸின் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) எச்சரிக்கை அமலில் இருந்த நாள். இந்த வார ஸ்வெல் அதன் பக்கத்தில்கூட வராது, பயமுறுத்தவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் இன்காய்ஸ் பக்கத்தில் உங்கள் மாவட்டத்துக்கு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அரை நிமிஷ வேலை.

அடுத்தது வாய்க்கால். மேலே கோவளம் தம்பி அழகாக எழுதியிருக்கிறார், நுரை இல்லாமல் கறுத்துக் கிடக்கும் இடைவெளி என்று. சர்ஃப் செய்கிறவர்களுக்கு அது வெளியே போகும் வழி. குடும்பத்தோடு வருகிறவர்கள் கண்ணுக்கு அதுதான் கரையிலேயே அமைதியான இடம்! அலை இல்லாத இடம் பார்த்துப் பிள்ளையை இறக்குகிறேன் என்று சரியாக அங்கேதான் இறக்குவார்கள். திட்டின் மேல் ஏறி வந்த தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெள்ளை நுரை இருக்கும் பக்கம் போய்விட வேண்டும். நுரை கரைக்குத் தள்ளிவிடும். குளத்தில் எத்தனை முறை குறுக்கே நீந்தினாலும் இந்தப் பழக்கம் வராது.


வேளச்சேரி_வேவ்
வெள்ளி, காலை 9:51

அண்ணா, அப்படியென்றால் முழங்கால் அலைக்கே இவ்வளவு பயந்தால் யாருமே கடலுக்கு வர மாட்டார்கள். அவர் வகுப்பில்தானே சேர்க்கப் போகிறார், பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.


கரைக்காவல்
வெள்ளி, காலை 10:08

பயிற்சியாளர் தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். வகுப்பு முடிந்து, போர்டைக் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விளையாடுகிறோம் அம்மா" என்னும் பிள்ளையை யார் பார்ப்பது? அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.


தாம்பரம்_அம்மா
வெள்ளி, காலை 10:30

சனிக்கிழமையே வருகிறோம். மிக்க நன்றி. சொறிமீன் தொல்லை இருக்கிறதா?


வலைக்காரர்மகன்_கோவளம்
வெள்ளி, காலை 11:15

இந்த வாரம் வலையில் அதிகம் ஏறவில்லை அக்கா. தெண்டி ஓடும் காலத்தில் திடீரென்று ஒருநாள் கரை முழுக்க வந்து நிற்கும், அதனால் பிள்ளைகளுக்கு முழுக்கை டீஷர்ட் போட்டுக் கூட்டி வாருங்கள். வெயிலுக்கும் ஆயிற்று. பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரிலேயே அலசுங்கள்.


ஆமைநடை
வெள்ளி, இரவு 7:30

இருட்டோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும் காலம் இன்னும் முடியவில்லை, முதலில் இட்ட முட்டைகள் பொரிய ஆரம்பித்திருக்கின்றன. போர்டை மேல்மணலில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். டார்ச்சைக் கடல் பக்கமோ மணல் பக்கமோ அடிக்காதீர்கள்; குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் நடக்கின்றன. டிராக்டர் ஓடினாற்போல இரண்டு வரிசைத் தடம் மணலில் தெரிந்தால் அதன்மேல் மிதிக்காமல், பக்கத்துப் பாதுகாப்பு ஆட்களிடம் சொல்லுங்கள்.


திருவான்மியூர்_லாங்போர்டு
சனி, காலை 10:20

காலை ஆறரைக்கு மணல்கரையில் இறங்கினேன். தொடை உயரம், கண்ணாடித் தண்ணீர், ஆட்களே இல்லை. ஒன்பதடி போர்டில் கரைவரை நடந்துகொண்டே வந்தேன். நாளைக்கு வரப்போவதை இன்றே சாப்பிட்ட திருப்தி. ஈசிஆர் அண்ணன் சொன்ன ஸ்வெல் உண்மையிலேயே வருகிறதா? அறிகுறியே இல்லையே.


ஈசிஆர்_அலைக்கணக்கு
சனி, மாலை 5:45

காலையில் தெரியாது, முதல் அலைகள் வருவதே மதியத்துக்கு மேல்தான் என்று போட்டிருந்தேன். மாடலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அப்பால் இன்காய்ஸின் அலைமானி மிதவை இருக்கிறது. நமக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் தெற்கத்தி ஸ்வெல் அங்கே தெரிந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். இன்று மதியம் அங்கே பீரியட் 10இலிருந்து 15க்குத் தாவியது. உயரம் அசையவே இல்லை. நீளமான ஸ்வெல் இப்படித்தான் வரும்: வேகமாக ஓடும் நீள அலைகள் முன்னால், உயரம் சேர்க்கும் கூட்டம் பின்னால்.

நாளைக்குக் கரைக்காற்று ஒரு அரை மணி நேரம் முன்னதாகவே நின்றுவிடும் என்று தோன்றுகிறது, உள்நாட்டில் இரவு அவ்வளவாகக் குளிரவில்லை. ஆறு மணிக்கே தண்ணீரில் இருங்கள். சவுக்குத் தோப்பின் உச்சியையோ போட்டில் கட்டியிருக்கும் கொடியையோ பார்த்துக்கொள்ளுங்கள். கொடி கடல் பக்கம் பறந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, தொங்கிவிட்டால் கடைசி நல்ல அரை மணி நேரம், நிலத்துப் பக்கம் திரும்பினால் டீ குடிக்கப் போகலாம்.


வேளச்சேரி_வேவ்
ஞாயிறு, காலை 11:40

வந்தேன், ஆறு மணிக்கு. கோவளம் நண்பர் சொன்னபடி போட்டு இறங்கிய வாய்க்காலுக்கு வடக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷம் ஒன்றுமே இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்திருக்கும்போது தூரத்தில் ஒரு கோடு கறுத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. முதல் அலையை விட்டுவிட்டேன், இரண்டாவதில் ஏறினேன். இடுப்பு உயரம், இடது பக்கமாக வாய்க்கால்வரை ஓடியது. ஏழு நிமிஷம் காத்திருப்பு, மூன்று அலை, மறுபடி காத்திருப்பு. எட்டேகாலுக்குக் கொடி தொங்கிவிட்டது, ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது.

திட்டு ஒட்டிப்போன இடத்தில் இறங்கிய நாலு பேர் கரையிலேயே குப்புற விழுந்துகொண்டிருந்தார்கள். அங்கே லாங்போர்டு அண்ணன் சொன்னதுதான் சரி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூடியது.


திருவான்மியூர்_லாங்போர்டு
ஞாயிறு, மதியம் 12:15

பாயிண்டில் அலை அருமை. மனிதர்கள் அதைவிட அதிகம். ஒரு அலைக்கு ஆறு பேர். அப்படியும் சொல்கிறேன், மணல்கரையில் நீங்கள் வாங்கிய அத்தனையையும்விட எனக்குக் கிடைத்த ஒன்று நீளம்.


வேளச்சேரி_வேவ்
ஞாயிறு, மதியம் 12:19

ஒன்றா?


திருவான்மியூர்_லாங்போர்டு
ஞாயிறு, மதியம் 12:20

இரண்டு.


தாம்பரம்_அம்மா
ஞாயிறு, மாலை 4:30

நேற்று வந்துவிட்டோம். சின்னவன் எழுந்து நின்றுவிட்டான், பெரியவளுக்கு இன்னும் முட்டியிலிருந்து மேலே வரவில்லை, அதனால் வீட்டில் சண்டை. அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டுமாம். கடல் எப்படி இருக்கும்?


ஈசிஆர்_அலைக்கணக்கு
ஞாயிறு, இரவு 8:05

அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதைக்குத் தெரிவது 0.5 மீட்டர், 9 விநாடி, தென்கிழக்கு. பிள்ளைகளுக்குத் தோதான கடல். ஆனால் அதற்குள் அஷ்டமி போய்ப் பெரிய ஏற்றம் வரும், ஓதம் ஒரு மீட்டரை நெருங்கும். ஏற்ற நேரத்தில் திட்டின் மேல் தண்ணீர் கூடி அலை உடையாமலே கரைவரை வந்து காலடியில் விழும். அது சின்னவர்களுக்கு ஆகாது. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை ஓத நேரம் பார்த்துப் புதன் இரவு புது இழையில் போடுகிறேன்.